ஓட்டுநர் ஏன் ஊத வேண்டும்?



சென்ற இதழின் செய்தித் துளிகளில் ஒரு சிறு வரி வெளியாகியிருந்தது. நமது ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் இப்போது ஒவ்வொரு முறை பணிக்கு வரும்போதும் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிய பின்னரே வண்டிச் சாவியைப் பெறுகிறார்கள் என்பதே அது. அந்த இதழில் புதிய பிரசவ வார்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். அதைக் குறித்து வந்த கடிதங்களைவிட இந்த ஒரு வரியைக் குறித்து வந்த கடிதங்களே அதிகம்! நல்ல காரியம் என்று சிலர் எழுதினார்கள். ஆனால் பல ஆண்டுகளாக மாதந்தவறாமல் காணிக்கை அனுப்பிவரும் மூத்த தாயார் ஒருவர், "மிஷன் ஆஸ்பத்திரியே தன் வேலையாட்களை நம்பாவிட்டால் வேறு யார் ஐயா நம்புவார்கள்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி என் மேசைமேல் மூன்று வாரம் கிடந்தது. அது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

வேலைக்கு வருகிறவரின் மூச்சையோ சிறுநீரையோ சோதிப்பது எப்படி ஒரு வழக்கமாயிற்று என்பதை முதலில் சொல்லவேண்டும். இதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. 1981 மே 26ஆம் தேதி இரவு, புளோரிடா கடற்கரைக்கு அப்பால் நிமிட்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ஒரு போர் விமானம் தவறாக இறங்கி மோதியதில் 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர்களில் சிலருடைய உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. அதற்குப் பின் அமெரிக்கக் கடற்படை தன் வீரர்கள் எல்லாரையும் சோதிக்க ஆரம்பித்தது. ஆனால் விமானியின் உடலில் காணப்பட்டது கஞ்சா அல்ல. சளிக்குச் சாப்பிடும் சாதாரண மாத்திரையின் மருந்துதான், அளவுக்கு மிக அதிகமாக இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை மக்கள் சீக்கிரம் மறந்துவிட்டார்கள். பிற்பாடு அதற்கு வருகிறேன்.

சட்டங்களுக்கெல்லாம் காரணமானது வேறொரு விபத்து. 1987 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் நிறைந்த ஒரு பயணிகள் ரயில் வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் நோக்கிச் சென்றது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகருக்கு வடகிழக்கே சேஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, மூன்று சரக்கு என்ஜின்கள் தனியாக, பெட்டிகள் இல்லாமல், பக்கத்துப் பாதையில் வந்தன. நிற்கும்படி சொன்ன சிக்னலை அவை கடந்து, பயணிகள் ரயிலின் பாதைக்குள்ளேயே வந்து நின்றன. பயணிகள் ரயிலின் ஓட்டுநர் கண்டதும் பிரேக் போட்டார். ஆனாலும் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ரயில் அந்த என்ஜின்கள்மேல் மோதியது. அந்த ஓட்டுநர் உட்பட 16 பேர் இறந்தார்கள். 150க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். முதல் பெட்டி அடுத்த நிலையங்களில் ஏறப்போகிறவர்களுக்காக ஏறத்தாழக் காலியாக விடப்பட்டிருந்ததால்தான் சாவு அந்த அளவோடு நின்றது.

சரக்கு என்ஜினில் இருந்த இருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விபத்துக்குப் பின் ரயில் ஊழியரைச் சோதிக்கவேண்டும் என்ற விதி 1985லேயே இயற்றப்பட்டிருந்தது. அதன்படி அவர்களிடம் இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். இருவரிடமும் கஞ்சா தெரிந்தது. ஓட்டுநர் முதலில் மறுத்தார், பின்பு ஒப்புக்கொண்டார், சிறை சென்றார்.

இங்கே நிறுத்திவிட்டால், கஞ்சா புகைத்தவனால் வந்த கேடு என்று கதை எளிதாக முடிந்துவிடும். தினமணியிலும் இந்துவிலும் ஒரு விபத்துச் செய்தியை நாம் அப்படித்தான் வாசித்து மடித்துவைக்கிறோம். விசாரணைக் குழுவோ அந்த என்ஜினுக்குள் போய்ப் பார்த்தது. சிக்னல் மாறும்போது ஓட்டுநரை எச்சரிக்க ஊதவேண்டிய விசிலின் வாயை யாரோ நாடா ஒட்டி அடைத்திருந்தார்கள். ஓட்டுநர் அறையில் சிக்னலைக் காட்டும் விளக்குகளில் ஒரு பல்பு இல்லை. புறப்படும் முன் செய்யவேண்டிய சோதனை செய்யப்படவில்லை. ஓட்டுநர் தவறினாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் சாதனம் அந்தச் சரக்கு என்ஜின்களுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. கஞ்சாவால் ஏற்பட்ட மயக்கமே முதற்காரணம் என்று எழுதிய அதே அறிக்கை, இந்த ஓட்டைகளையும் விடாமல் எழுதியது. அதன் பின் அந்தத் தடத்தில் சரக்கு ரயில்களுக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு கட்டாயமாயிற்று. ரயில் ஓட்டுநர்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1988இல் சட்டம் வந்தது. அதுவரை அந்த நாட்டில் கார் ஓட்ட உரிமம் வேண்டும், ரயில் ஓட்ட அரசு உரிமம் வேண்டியதில்லை!

ஆகவே நான் சொல்வது இதுதான்: ஊதுகிற கருவியை வாங்கிவிட்டு பிரேக்கைப் பார்க்காத நிர்வாகம் பாதியைத்தான் செய்திருக்கிறது. இதை நமது நிர்வாகக் குழுவிலும் சொன்னேன். கருவி வாங்கிய அதே மாதத்தில் மூன்று வண்டிகளுக்கும் டயர் மாற்றினார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவரை உடனே பகல் ஷிஃப்டுக்கு அனுப்புவதையும் நிறுத்தினார்கள். தூக்கமில்லாத ஓட்டுநரை எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது.

சேஸ் விபத்தில் மகளை இழந்த பெற்றோர் முதலானவர்கள் பல ஆண்டுகள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 1991 ஆகஸ்ட் 28ஆம் தேதி நியூயார்க் நகரச் சுரங்க ரயில் ஒன்று தடம் புரண்டு 5 பேர் இறந்தார்கள். அதன் ஓட்டுநர் குடித்திருந்தார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே ரயில், லாரி, பேருந்து, விமானம் முதலான துறைகளில் பிறர் உயிர் தங்கள் கையில் இருக்கும் பணியாளர்களுக்குப் போதைப்பொருள் சோதனையும் மதுச் சோதனையும் கட்டாயம் என்று சட்டம் நிறைவேறியது.

இதற்கிடையே தாயாரின் கேள்வியை அங்கே உச்ச நீதிமன்றமே கேட்டுவிட்டது. சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இல்லாத மனிதனின் உடலிலிருந்து சிறுநீர் எடுத்துப் பார்ப்பது அவனுடைய மானத்தில் கைவைப்பது ஆகாதா? 1989 மார்ச் 21ஆம் தேதி இரண்டு தீர்ப்புகள் வந்தன. ரயில் ஊழியர் வழக்கில் ஏழு நீதிபதிகள் சோதனை சரி என்றார்கள், இருவர் கூடாது என்றார்கள். சுங்கத்துறை ஊழியர் வழக்கில் ஐவர் சரி என்றார்கள், நால்வர் கூடாது என்றார்கள். ரயிலில் கண்முன் பிணங்கள் இருந்தன. சுங்கத்துறையில் அப்படி ஒரு விபத்தும் காட்டப்படவில்லை. நீதிபதிகள் பிளவுபட்ட இடம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் உயிர் நேரடியாக ஆபத்துக்குள்ளாகும் வேலை என்றால் சோதனைக்கு நியாயம் உண்டு. வெறும் ஒழுக்கத்தைக் கண்காணிக்க என்றால் நியாயம் மெலிந்துபோகிறது. நமது ஆஸ்பத்திரியில் கணக்கரும் தோட்டக்காரரும் ஊதுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பயம் பெரும்பாலும் அது தெரியாததால்தான் வருகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, குறைந்தது 45 மில்லி சிறுநீர் எடுக்கவேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றினால் தெரிந்துவிடும்படி, நான்கு நிமிடத்துக்குள் அதன் வெப்பத்தை அளக்கிறார்கள். மாதிரியை இரண்டு குப்பிகளில் பிரித்து, பணியாளரின் கண் முன்பாகவே சீல் வைத்து, அவருடைய முதலெழுத்தை அதன்மேல் எழுதச் சொல்கிறார்கள். குப்பி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்கு எழுத்து மூலம் பதிவு உண்டு. ஆய்வுக்கூடத்தில் முதலில் ஒரு விரைவான சோதனை. அதில் சந்தேகம் வந்தால் மட்டுமே, ஒவ்வொரு பொருளையும் அதன் மூலக்கூறு எடையால் அடையாளம் காணும் துல்லியமான இரண்டாம் சோதனை. அதிலும் தெரிந்தால் முடிவு முதலாளிக்குப் போவதில்லை. அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு மருத்துவருக்குப் போகிறது. அவர் பணியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கிறார். பணியாளர் விரும்பினால் 72 மணி நேரத்துக்குள் இரண்டாம் குப்பியை வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.

இத்தனை பாதுகாப்பும் தானாக வந்ததல்ல. ரயில் விபத்து மாதிரிகளைப் பரிசோதித்த ஓக்லஹோமா நகரத்து அரசு ஆய்வுக்கூடத்தின் தலைவர், செய்யாத இரத்தப் பரிசோதனைகளுக்கு முடிவு எழுதியதாக 1987இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சேஸ் விபத்து நடந்த அதே ஆண்டுதான். சோதிக்கிறவனையும் சோதிக்கவேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். 1988இல் ஆய்வுக்கூடங்களுக்கு நடுவண் அரசின் கண்டிப்பான விதிகள் வந்தன.

நம் வீட்டுச் சமையலறையும் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறது. குருமாவிலும் பாயசத்திலும் அரைத்துவிடும் கசகசா, அபினிச் செடியின் விதைதான். அதைத் தின்றவரின் சிறுநீரில் மார்ஃபின் சிறிதளவு தெரியும். ஒரு மில்லியில் 300 நானோகிராம் என்று இருந்த எல்லையால் பன் ரொட்டி தின்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே 1998இல் அந்த எல்லையை 2,000 ஆக உயர்த்தினார்கள். முடிவை ஒரு மருத்துவர் பார்க்கவேண்டும் என்பது எதற்காக என்று இதிலிருந்தே விளங்கும்.

இன்னொரு குறையும் உண்டு. மதுவை மூச்சில் அளந்தால், இப்போது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். கஞ்சாவைச் சிறுநீரில் கண்டால், எப்போதோ புகைத்திருக்கிறார் என்று மட்டுமே சொல்லலாம். என்றோ ஒருநாள் புகைத்தவருக்கு அது சில நாட்களில் மறையும். தினமும் புகைத்தவருக்கு வாரக்கணக்கில் நிற்கும். இன்று காலை அவர் தெளிவாக இருக்கிறாரா என்பதற்கு அந்தக் குப்பியில் பதில் இல்லை. நிமிட்ஸ் விமானியின் சளி மாத்திரையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கிற மருந்தும் தூக்கத்தைக் கொண்டுவரும். அதனால் நமது ஓட்டுநர்களிடம் ஊதச் சொல்லும்போதே, "ராத்திரி என்ன மாத்திரை போட்டீங்க?" என்றும் கேட்கிறோம். இருமல் மருந்து குடித்தேன் என்று சொன்னவருக்கு அன்று வண்டி கிடையாது. சம்பளப் பிடித்தமும் கிடையாது.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம் என்கிறது. போதைப்பொருளின் பாதிப்பில் ஓட்டுவதும் அதே பிரிவில் குற்றமே. ரயில் ஓட்டுநர்கள் பணியில் கையெழுத்திடும்போது ஊதுகிறார்கள். விமானிகளும் ஊதுகிறார்கள். 2022 முதல் விமானத் துறையில் போதைப்பொருள் சோதனையும் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்னும் ஊரின் மருத்துவமனையில் 2012இல் 32 நோயாளிகளுக்கு ஹெப்படைட்டிஸ் சி தொற்றியது கண்டுபிடிக்கப்பட்டது. இருதய சிகிச்சைக் கூடத்தின் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், நோயாளிக்காக வைத்த வலி நீக்கும் ஊசி மருந்தைத் திருடித் தனக்கு ஏற்றிக்கொண்டு, அதே ஊசிக்குழாயில் உப்பு நீரை நிரப்பித் திரும்ப வைத்திருந்தார். அவருக்கே அந்த நோய் இருந்தது. 2013இல் 39 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் முன்பு வேலைபார்த்த மருத்துவமனைகளிலும் பிடிபட்டு விலக்கப்பட்டிருந்தார். ஆனால் அடுத்த இடத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பிரச்சினை தங்கள் வாசலை விட்டுப் போனால் போதும் என்று இருந்துவிட்டார்கள். நமது ஆஸ்பத்திரியில் மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு சிஸ்டர்களின் கையெழுத்து. உடைத்த ஆம்பூலையும் எண்ணித் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இனி சொல்லப்போவது என் சொந்தத் தவறு. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில் நான் சாப்ளினாக இருந்தேன். அங்கே ஓர் ஓட்டுநர். ஸ்ட்ரெச்சருக்குக் காத்திராமல் நோயாளியைத் தானே தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர். மனைவி இறந்த பிறகு இரவில் குடிக்க ஆரம்பித்தார். அதிகாலையில் சிற்றாலயத்தின் பக்கம் வரும்போது அவர்மேல் வாடை அடிக்கும். எனக்குத் தெரியும். தனியே கூப்பிட்டுப் பேசினேன், அவர் அழுதார், நானும் அழுதேன். நிர்வாகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணினேன். அதை இரக்கம் என்றும் எண்ணிக்கொண்டேன்.

ஒரு விடியற்காலை பிரசவ வேதனையில் இருந்த பெண்ணை ஏற்றிவரும்போது வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். உடன் போயிருந்த நர்சிங் மாணவிக்கு வலது முழங்கை நொறுங்கியது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கை முழுவதும் நீளவில்லை. ஓட்டுநருக்கு வேலையும் போயிற்று, வழக்கும் வந்தது. மாணவியின் தகப்பனார் என்னிடம் வந்து, "ஐயருக்கு முன்னாடியே தெரியுமாமே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அம்மா, அங்கே ஒரு கருவி இருந்திருந்தால், அவர் வண்டி எடுப்பதும் எடுக்காததும் என் இரக்கத்தையோ என் கோழைத்தனத்தையோ பொறுத்ததாக இருந்திராது. எல்லாரும் ஊதுகிற இடத்தில் ஒருவரை மட்டும் சந்தேகிக்க வேண்டியதில்லை. வாடை பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை, கோள் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவே. முழுப் பதில் என்று சொல்லமாட்டேன். ஊதும்போது ஒரு நல்ல மனிதனின் முகம் சுருங்குவதை நானும் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் கருவி வந்த முதல் நாள் மருத்துவக் கண்காணிப்பாளர் முதலில் ஊதினார், அடுத்து நான் ஊதினேன், பிறகு ஓட்டுநர்கள் ஊதினார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருவருக்கு எண் காட்டியது. அவர் ஆயுளில் மதுவைத் தொடாதவர், திகைத்துப்போனார். விதிப்படி பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னோம். சுழி. வரும் வழியில் ஹோமியோபதிச் சொட்டு மருந்தை நாக்கில் விட்டிருக்கிறார், அதில் சாராயம் உண்டு. அந்தப் பதினைந்து நிமிடக் காத்திருப்பு இல்லாதிருந்தால் ஒரு நேர்மையான மனிதருக்குப் பெயர் கெட்டிருக்கும்.

மறு சோதனையிலும் எண் வந்தால் என்ன செய்வது என்பதைப் பணியாளர்களோடு உட்கார்ந்து எழுதினோம். அன்று வண்டி இல்லை. செய்தி மேலாளரையும் மருத்துவரையும் தாண்டாது. மதுவிலிருந்து மீள சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி செலவு செய்யும், வேலை காத்திருக்கும். அமெரிக்க விதியிலும் திரும்பி வருகிறவருக்கு வழி உண்டு. ஆலோசகரின் மதிப்பீடு, மறு சோதனை, பின்பு முதல் ஓராண்டில் முன்னறிவிப்பில்லாமல் குறைந்தது ஆறு சோதனைகள். சேஸ் விபத்தின் ஓட்டுநரும் சிறையிலிருந்து வந்தபின் போதையில் சிக்கினவர்களுக்கு ஆலோசகராகப் பணிசெய்தார் என்பதைச் சிலர் அறிந்திருக்கலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், தானாக முன்வந்து சிகிச்சைக்கு உட்படுகிறவரை வழக்கிலிருந்து விலக்கி வைக்க இடந்தருகிறது.

இதுவரை மறு சோதனையில் ஒருவரும் அகப்படவில்லை. ஆனால் ஐந்து வாரத்துக்கு முன் ஓர் ஓட்டுநர் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, இன்னைக்கு நான் ஊதல, எனக்கு லீவு எழுதிக் கொடுங்க" என்றார். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் சம்மதித்தபடியால்தான் இதை எழுதுகிறேன். இப்போது வாரம் இருமுறை சிகிச்சைக்குப் போய்வருகிறார். மற்ற நாட்களில் மருந்துக் கிடங்கில் குளுக்கோஸ் பெட்டிகளை எண்ணி அடுக்குகிறார். சம்பளம் குறையவில்லை. வண்டிக்கு எப்போது திரும்பலாம் என்று மருத்துவரும் மேலாளரும் அடுத்த மாதம் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி சாப்ளின்